தலைகீழ் வகுப்பறையும் மருத்துவ மாணவரின் ஊக்கமும்

மருத்துவக் கல்வி பெறும் ஒருவர் நான்கரை ஆண்டுக் காலம் கல்லூரியில் பயின்று, பின்னர் ஓராண்டு மருத்துவமனையில் பயிற்சி பெற்று வெளிவருகின்றார். அதன்பின் முப்பது அல்லது நாற்பது ஆண்டுகள் அவர் தொழில் புரியக்கூடும். அக்காலத்தில் புதிய மருந்துகள் தோன்றும். பழைய சிகிச்சை முறைகள் கைவிடப்படும். இன்று உண்மையெனக் கொள்ளப்படும் சில கருத்துகள் தவறெனத் தெளிவாகும். அப்போது அவர் முன் பேராசிரியர் நிற்கமாட்டார். வருகைப் பதிவேடும் இராது. தாமே முயன்று கற்கும் ஊக்கம் அவரிடம் நிலைத்திருக்குமாயின் அவருடைய அறிவு காலத்தோடு வளரும். அவ்வூக்கம் கல்லூரியிலேயே அவிந்துபோயிருக்குமாயின் அதனால் விளையும் கேடு நோயாளியைச் சாரும். ஆகவே, மாணவர் எவ்வளவு கற்றார் என்று கேட்பதோடு அமையாது, கற்கும் ஊக்கம் அவரிடம் வளர்ந்ததா என்று கேட்பதும் மருத்துவக் கல்வியின் கடமையாகும்.

இக்கேள்வியையொட்டி அண்மைக் காலத்தில் பெரிதும் ஆராயப்பட்டுவரும் முறை ‘தலைகீழ் வகுப்பறை’ எனப்படுவது. வழக்கமான முறையில் மாணவர் வகுப்பில் விரிவுரை கேட்பார். வீட்டில் தனியே கணக்கும் பயிற்சியும் செய்வார். தலைகீழ் வகுப்பறையில் இவ்வொழுங்கு மாற்றப்படுகின்றது. விரிவுரையில் அடங்கும் செய்திகளைக் காணொளி, அச்சுப் பக்கம், படங்கள் முதலிய சாதனங்களின் வழியாக மாணவர் முன்கூட்டியே கற்று வருவார். வகுப்பு நேரம் முழுவதும் வினாக்களுக்கும், கலந்துரையாடலுக்கும், நோயாளியின் நிலையை ஆராய்ந்து முடிவு செய்யும் பயிற்சிக்கும் பயன்படும். இச்சாதனங்கள் மாணவரின் ஊக்கத்தை எவ்வாறு வளர்க்கின்றன, எப்போது கெடுக்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்முறையின் வரலாறு

விரிவுரை என்பது நூல்கள் அரிதாயிருந்த காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய வழக்கமாகும். ஆசிரியர் தம் கையிலிருந்த நூலை வாசித்து விளக்குவார். மாணவர் கேட்டு எழுதிக்கொள்வர். அச்சு நூல்கள் மலிந்த பின்னரும் அவ்வழக்கம் மறையவில்லை. மருத்துவக் கல்வியில் இதற்கு மாற்றுக் காண முற்பட்டோருள் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் குறிப்பிடத்தக்கவர். 1969-ஆம் ஆண்டு அங்குச் சேர்ந்த முதல் மாணவர் குழுவினர், நோயாளியின் பிரச்சினை ஒன்றை முன்வைத்து, சிறு குழுக்களாகக் கூடி, தமக்கு வேண்டிய அறிவைத் தாமே தேடிக் கற்கும் முறையில் பயிற்றப்பட்டனர்.

1991-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர், மாணவர் பாடத்தை முன்னரே படித்து வந்து வகுப்பில் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளும் முறையைக் கையாண்டார். 2007-ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தின் உட்லண்டு பார்க் உயர்நிலைப் பள்ளியில் ஜானதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்னும் இரு இரசாயன ஆசிரியர்கள், வகுப்புக்கு வர இயலாத மாணவரின் நன்மையைக் கருதித் தம் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினர். பதிவு செய்த பாடம் எல்லோருக்கும் கிடைக்கும்போது அதையே வகுப்பில் மீண்டும் சொல்வது வீண் என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

மருத்துவக் கல்வியாளரின் கவனத்தை இம்முறை பெரிதும் கவர்ந்தது 2012-ஆம் ஆண்டில் ஆகும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் உயிர் இரசாயனப் பாடம் சிறு காணொளிகளாக மாற்றப்பட்டு, வகுப்பு நேரம் நோயாளிகளைப் பற்றிய கலந்துரையாடலுக்கு ஒதுக்கப்பட்டது. வகுப்புக்கு வருவது மாணவர் விருப்பத்திற்கே விடப்பட்டிருந்தும், முன்பு சுமார் 30 சதவிகிதமாயிருந்த வருகை சுமார் 80 சதவிகிதமாக உயர்ந்தது. கட்டாயமின்றியே மாணவர் வந்தனர் என்பது கருதத்தக்கது.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு மாணவர் சேர்க்கையிலிருந்து நடைமுறைக்கு வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம், விரிவுரைகள் மொத்தக் கற்பித்தல் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என விதித்தது. தாமாகவே கற்பதற்கென்று தனி நேரமும் அதில் ஒதுக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு தொற்றுநோய்க் காலத்தில் கல்லூரிகள் மூடப்பட்டபோது, காணொளிப் பாடங்கள் எங்கும் பரவின. ஆனால் விரிவுரையைக் காணொளியாக்குவது வேறு. வகுப்பறையைத் தலைகீழாக்குவது வேறு. இவ்வேறுபாட்டை உணராமையே பல தோல்விகளுக்குக் காரணமாகும்.

ஊக்கம் என்பது யாது?

உளநூலார் ஊக்கத்தை இருவகையாகப் பிரிப்பர். ஒரு செயலில் உள்ள இன்பத்திற்காகவே அதனைச் செய்யத் தூண்டுவது உள்ளூக்கம். பரிசு, மதிப்பெண், தண்டனை ஆகியவற்றின் பொருட்டுச் செய்யத் தூண்டுவது புறவூக்கம். 1971-ஆம் ஆண்டு எட்வர்டு டெசி என்பார் வெளியிட்ட சோதனை ஒன்று இவற்றின் தொடர்பை நன்கு விளக்குகின்றது. கட்டைகளைச் சேர்த்து உருவங்கள் அமைக்கும் புதிர் ஒன்றைக் கல்லூரி மாணவர்க்கு அவர் கொடுத்தார். ஒரு குழுவினர்க்கு இடையில் ஒரு நாள், தீர்த்த புதிர் ஒவ்வொன்றுக்கும் பணம் வழங்கப்பட்டது. அடுத்த நாள் பணம் நிறுத்தப்பட்டபோது, அக்குழுவினர் ஓய்வு நேரத்தில் புதிரில் ஈடுபடுவது குறைந்தது. விளையாட்டாய் இருந்தது வேலையாய் மாறிவிட்டது.

பின்னர் டெசியும் ரிச்சர்டு ரயனும் சேர்ந்து வகுத்த கோட்பாட்டின்படி, உள்ளூக்கம் செழித்து வளர மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும். முதலாவது தன்விருப்பு, அதாவது, செய்வதைத் தாமே தேர்ந்து செய்கின்றோம் என்னும் உணர்வு. இரண்டாவது தன்திறம்; அதாவது, நம்மால் இயலும் என்னும் நம்பிக்கை. மூன்றாவது தோழமை, அதாவது, நம்மை மதிப்போர் நடுவில் இருக்கின்றோம் என்னும் உணர்வு. நீரும் ஒளியும் மண்ணும் போல இம்மூன்றும் சேர்ந்தே ஊக்கத்தை வளர்க்கும். 2015-ஆம் ஆண்டு அபேசேகர, டாசன் என்னும் ஆய்வாளர் இருவர், தலைகீழ் வகுப்பறையின் பயனை இம்மூன்று தேவைகளைக்கொண்டே ஆராய வேண்டும் என எடுத்துரைத்தனர். நாமும் அவ்வழியே நோக்குவோம்.

சாதனங்கள் செய்யும் நன்மை

வகுப்பில் விரிவுரை ஒரே வேகத்தில் செல்லும். விரைந்து உணர்வோர்க்கு அது சலிப்பூட்டும். மெல்ல உணர்வோர்க்கு அச்சமூட்டும். காணொளியையோ நிறுத்தலாம், பின்னோக்கிச் செலுத்தலாம், மறுமுறை கேட்கலாம். தாய்மொழி வழியே பள்ளியில் பயின்று, ஆங்கில வழியே மருத்துவம் கற்கப் புகும் மாணவர்க்கு இது பெரும் உதவியாகும். நூறு பேர் நடுவில் எழுந்து “விளங்கவில்லை” எனக் கூற நாணும் மாணவர், தம் அறையில் அதே பகுதியை நான்கு முறை கேட்டுத் தெளியலாம். இங்குத் தன்விருப்பும் தன்திறமும் ஒருங்கே வளர்கின்றன.

மனித மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய புதுச் செய்திகளின் அளவு மிகச் சிறிது. இதனை அடிப்படையாகக்கொண்டு ஜான் ஸ்வெல்லர் என்பார் 1988-ஆம் ஆண்டு ‘அறிவுச் சுமை’க் கோட்பாட்டை வகுத்தார். ஒரு மணி நேர விரிவுரையில் இருபது புதுச் சொற்களைக் கேட்கும் மாணவரின் மனம் அவற்றைத் தாங்காது தளரும். அதே செய்தி சிறு பகுதிகளாகப் பிரித்து அளிக்கப்பட்டால் சுமை குறையும்.

காணொளி எவ்வளவு நீளம் இருக்கலாம்? 2014-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இணைய வழிப் பாடங்களைப் பார்த்தோரின் சுமார் 69 இலட்சம் பார்வைப் பதிவுகள் ஆராயப்பட்டன. ஆறு நிமிடத்திற்குட்பட்ட காணொளிகளையே மாணவர் மிகுதியும் ஈடுபாட்டுடன் பார்த்தனர் என அதில் தெரியவந்தது. பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்டவற்றைவிட, ஆசிரியர் எளிமையாக எதிரில் அமர்ந்து பேசுவன போன்றவை விரும்பப்பட்டன. அச்சிட்ட எழுத்துகளைத் திரையில் காட்டிப் படிப்பதைவிட, ஆசிரியர் கையால் வரைந்துகொண்டே விளக்குவது மாணவரை ஈர்த்தது. வசதி குறைந்த கல்லூரிகளுக்கு இது நற்செய்தியாகும். ஒரு கைப்பேசியும், ஒரு வெள்ளைத் தாளும், தெளிந்த சிந்தனையும் உடைய ஆசிரியர் நல்ல பாடத்தை ஆக்கிவிடலாம்.

காணொளியோடு நான்கைந்து சிறு வினாக்களையும் சேர்ப்பது இன்றியமையாதது. ‘எனக்குத் தெரியும்’ என்னும் மயக்கத்தை அவை நீக்கும். விடை தவறினால் எங்குத் தவறியது என்பது உடனே தெரிவதால், மாணவர் வெட்கமின்றித் திருத்திக்கொள்வர்.

ஓர் எடுத்துக்காட்டு

வயிற்றுப்போக்கினால் உண்டாகும் நீரிழப்பு என்னும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்பிற்கு முந்திய நாள் மாணவர்க்கு இரு காணொளிகள் தரப்படுகின்றன. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றையொன்று துணைக்கொண்டு உட்புகுவதையும், அவற்றைத் தொடர்ந்து நீர் உறிஞ்சப்படுவதையும் முதற் காணொளி விளக்குகின்றது. நீரிழப்பின் அறிகுறிகளைக் காண்பது எப்படி என்பதை இரண்டாவது காட்டுகின்றது. ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்திற்கு மேற்படாது. இவற்றுடன் ஓர் அச்சுப் பக்கமும் நான்கு வினாக்களும் உள்ளன.

வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் சிறு வினாக்களுக்குச் செல்லும். பின்னர் மாணவர் ஆறு பேர் கொண்ட குழுக்களாக அமர்வர். ஆசிரியர் பின்வரும் நிலையை அவர்கள் முன் வைக்கின்றார்: இரண்டு வயதுக் குழந்தை, எடை 10 கிலோ, நேற்று முதல் நீராகக் கழிகின்றது, அமைதியின்றி அழுகின்றது, கண்கள் குழிந்துள்ளன, நீர் கொடுத்தால் ஆவலுடன் பருகுகின்றது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே பழைய நிலையை அடைகின்றது. நீரிழப்பு எந்த அளவினது? என்ன கொடுப்பது? எவ்வளவு? எத்தனை மணி நேரத்தில்?

குழுவினர் வாதிடுகின்றனர். ஒருவர் உடனே நரம்பு வழியே திரவம் ஏற்ற வேண்டும் என்கின்றார். குழந்தை பருகுகின்றதே, அது எதற்கு என மற்றவர் மறுக்கின்றார். முடிவில், இது கடுமையற்ற நீரிழப்பு என்றும், கிலோவுக்கு 75 மில்லி லிட்டர் வீதம் 750 மில்லி லிட்டர் உப்புச் சர்க்கரைக் கரைசலை முதல் நான்கு மணி நேரத்தில் சிறிது சிறிதாகப் புகட்டி, மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்றும் தெளிகின்றனர். வாந்தி எடுத்தால்? பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். குழந்தை சோர்ந்து, பருக இயலாத நிலையை அடைந்தால்? அப்போதே நரம்பு வழித் திரவம் வேண்டும். ஆசிரியர் குழுவுக்குக் குழு நடந்து, விடையைத் தாமே கூறாமல், வினாவை மட்டும் கூர்மையாக்குகின்றார்.

இறுதியில் ஆசிரியர் 1971-ஆம் ஆண்டின் வரலாற்றைக் கூறுகின்றார். வங்கதேச அகதிகள் தங்கிய போன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழித் திரவம் போதவில்லை. மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் வாய்வழிக் கரைசலைப் பெருமளவில் ஆக்கி, நோயாளியின் உறவினரைக்கொண்டே புகட்டச் செய்தார். சுமார் 30 சதவிகிதமாயிருந்த இறப்பு 3.6 சதவிகிதமாகக் குறைந்தது. முதல் நாள் காணொளியில் கண்ட குளுக்கோஸ்-சோடியம் இணைப்பு வெறும் தேர்வுச் செய்தியன்று என்பதை மாணவர் இங்கு உணர்கின்றனர்.

இவ்வொரு மணி நேரத்தில் ஊக்கத்தின் மூன்று தேவைகளும் நிறைவேறியமை வெளிப்படை. காணொளியைத் தம் வேகத்தில் கண்டனர், இது தன்விருப்பு. ஒரு குழந்தைக்கு வேண்டிய அளவைத் தாமே கணக்கிட்டனர், இது தன்திறம். தோழரோடு வாதிட்டு, ஆசிரியரால் மதிக்கப்பட்டனர், இது தோழமை. காணொளி இவற்றிற்கு வாயிலைத் திறந்துவிட்டது. உள்ளே அழைத்துச் சென்றதோ வகுப்பு.

ஆராய்ச்சிகள் கூறுவன

விஞ்ஞானம், கணிதம், பொறியியல் ஆகிய துறைகளில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ஆம் ஆண்டு வெளியான கட்டுரையின்படி, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் 33.8 சதவிகித மாணவர் தோல்வியுற்றனர். மாணவர் செயற்படும் வகுப்புகளில் 21.8 சதவிகிதத்தினரே தோல்வியுற்றனர். மருத்துவம் முதலான நலவாழ்வுத் துறைகளைச் சார்ந்த 28 ஒப்பீட்டு ஆய்வுகளை 2018-ஆம் ஆண்டு ஹியூ, லோ என்னும் இருவர் தொகுத்து நோக்கினர். தலைகீழ் வகுப்பறையில் பயின்றோர் சற்று மேம்பட்டு விளங்கினர் எனவும், வகுப்பின் தொடக்கத்தில் சிறு வினாத் தேர்வு வைத்தபோது பயன் மிகுந்தது எனவும் அவர்கள் கண்டனர். எனினும் எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. வேறுபாடே இல்லை எனக் கூறும் ஆய்வுகளும் உண்டு. ஒரே பெயரில் பலவகை வகுப்புகள் நடைபெறுவதே இதற்கு ஒரு காரணம்.

ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஆய்வு ஒன்று உளது. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பௌதிக வகுப்புகளில் நிகழ்ந்து, 2019-ஆம் ஆண்டு வெளியான சோதனையில், தாமே செயற்பட்டுக் கற்ற மாணவர் தேர்வில் மிகுதியாக மதிப்பெண் பெற்றனர். ஆயினும் தாம் குறைவாகவே கற்றதாக அவர்கள் எண்ணினர். தெளிவான விரிவுரையைக் கேட்டோர் குறைவாகக் கற்றும், மிகுதியாகக் கற்றதாக எண்ணினர். காரணம் எளிது. சரளமான பேச்சைக் கேட்கும்போது மனம் உழைப்பதில்லை. உழைப்பின்மையை அது தெளிவென்று கொள்கின்றது. தாமே முயலும்போது தடுமாற்றம் உண்டாகின்றது. அத்தடுமாற்றத்தை அறியாமை என்று கொள்கின்றது. ஆகவே, முதல் சில வாரங்களில் மாணவர் முறையிட்டால் ஆசிரியர் மனந்தளர வேண்டியதில்லை; தடுமாற்றமே கற்றலின் அடையாளம் என்பதைத் தொடக்கத்திலேயே மாணவர்க்கு விளக்கிவிடல் வேண்டும். விரும்புதல், ஊக்கம் பெறுதல், கற்றல் ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதும் இதனால் புலனாகும்.

ஊக்கம் கெடும் இடங்கள்

முதலாவதாக, விரிவுரைகளைக் குறைக்காமல் அவற்றின் மேல் காணொளிகளையும் சேர்த்தல். நாள் முழுவதும் வகுப்பிலும் மருத்துவமனையிலும் நின்று களைத்த மாணவர்க்கு இரவில் இரண்டு மணி நேரக் காணொளி என்பது தண்டனையாகும்.

இரண்டாவதாக, காணொளியில் கூறியதை வகுப்பில் மீண்டும் கூறுதல். சிலர் பார்க்காமல் வந்துள்ளனர் என்று இரங்கி ஆசிரியர் இவ்வாறு செய்வதுண்டு. இதனால் பார்த்து வந்தவர் ஏமாறுகின்றார். மறுநாள் அவரும் பார்ப்பதில்லை.

மூன்றாவதாக, காணொளியைப் பார்த்ததற்கே மதிப்பெண் வழங்குதல். அப்போது கைப்பேசி ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்கும். மாணவர் மறுபுறம் உறங்கிக்கொண்டிருப்பார். டெசியின் சோதனை நினைவுகூரத்தக்கது. தொடக்க வினாத் தேர்வு நன்மை தரும் என முன்னர்க் கூறியது இதற்கு முரணன்று. ‘உன் நிலையை நீ அறிவதற்காக’ வைக்கும் தேர்வு ஊக்கத்தை வளர்க்கும். ‘உன்னைப் பிடிப்பதற்காக’ வைக்கும் தேர்வு அதனைக் கெடுக்கும். வினாத்தாள் ஒன்றாகவே இருப்பினும் ஆசிரியரின் நோக்கம் மாணவர்க்குத் தெரிந்துவிடும்.

நான்காவதாக, இறுதித் தேர்வை மாற்றாதிருத்தல். வகுப்பில் சிந்திக்கச் செய்து, தேர்வில் மனப்பாடத்தையே கேட்டால், மாணவர் தேர்வையே நம்புவர்.

ஐந்தாவதாக, எல்லோரிடமும் கருவியும் இணைய வசதியும் உண்டெனக் கருதுதல். இவை இல்லாத மாணவர்க்குக் கல்லூரி நூலகத்திலோ விடுதியிலோ வசதி செய்யாவிடின், ஊக்கத்தை வளர்க்க வந்த சாதனமே தாழ்வு மனப்பான்மையை வளர்க்கும்.

ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும்

மேற்கூறியவை மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் உரியன அல்ல. பள்ளி ஆசிரியர், கிராமச் செவிலியர், சுகாதாரப் பணியாளர் ஆகியோரைப் பயிற்றுவோர்க்கும் இவை பொருந்தும். 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம், தீக்ஷா ஆகிய இணைய அமைப்புகளில் பாடங்கள் பல கிடைக்கின்றன. அவற்றை அப்படியே காட்டிவிடுவதோடு அமையாமல், ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து முன்கூட்டி அனுப்பி, கூடும் நேரத்தைச் செய்முறைக்கும் உரையாடலுக்கும் வைத்துக்கொள்ளலாம். இணையம் எட்டாத ஊர்களில் ஓர் அச்சுப் பக்கமே போதும். ஒரு பக்கத்தை வாசித்து வந்த பத்துப் பணியாளர், கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் தம் கையாலேயே கலந்து, ஒரு தாய்க்கு எப்படி எடுத்துரைப்பது என ஒருவரோடொருவர் பேசிப் பழகுவார்களாயின், அதுவும் தலைகீழ் வகுப்பறையே ஆகும்.

தொடங்க விரும்புவோர் ஒரு பருவத்தில் ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நலம். முதலில் வகுப்பில் செய்ய வேண்டிய பயிற்சியைத் தீர்மானிக்க வேண்டும். அதற்கு வேண்டிய அறிவு எதுவோ அதை மட்டும் காணொளியாகவோ அச்சுப் பக்கமாகவோ ஆக்க வேண்டும். பலர் இதனை மாற்றிச் செய்து, காணொளி ஆக்குவதிலேயே உழைப்பு முழுவதையும் செலவிட்டு, வகுப்பு நேரத்தில் செய்வதறியாது நிற்கின்றனர். பயிற்சி நல்லதாயின் எளிய சாதனமும் பயன் தரும். பயிற்சி இல்லையெனில் விலையுயர்ந்த சாதனமும் விரிவுரையின் நிழலாகவே முடியும்.

இரவில் தனியே ஒரு சிற்றூர்ச் சுகாதார நிலையத்தில் பணியாற்றும் இளம் மருத்துவர், தாம் முன்பு காணாத ஒரு நோயை எதிர்ப்படும்போது நூலைத் திறப்பாரா, அறிந்ததைக்கொண்டு சமாளிப்பாரா என்பது, கல்லூரியில் அவர் பழகிய பழக்கத்தைப் பொறுத்தது. அப்பழக்கத்தை அமைக்கும் வாய்ப்பு ஆசிரியர்க்கு வகுப்பு நேரத்தில்தான் கிட்டுகின்றது. சாதனங்கள் அந்நேரத்தை மீட்டுத் தருகின்றன. மீட்ட நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பது ஆசிரியரின் கையில் உள்ளது.